போலார் எச்10 நெஞ்சுப் பட்டை: ஐம்பதில் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மெதுவோட்டம் தொடங்குகிறவர்கள் இரண்டாம் மாதமே நின்றுபோவதற்குப் பெரும்பாலும் வேகம்தான் காரணம். பள்ளிக்கூடத் திடலில் ஓடிய ஞாபகத்தில் கால் போய்விடும். இதயமும் முழங்காலும் அந்த வேகத்துக்கு இன்னும் பழகியிருக்காது. மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். செம்பனைக்குள் போகும் செம்மண் சாலை ஏறும், இறங்கும். பொழுது விடியுமுன்னே காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். அங்கே ‘கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம்’ என்று வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். மேட்டில் அதே எட்டு நிமிடம் மூச்சை அடைக்கும், இறக்கத்தில் உடம்புக்கே தெரியாது. இதயம் எவ்வளவு உழைக்கிறது என்று நேரடியாகப் பார்ப்பதே நல்லது. அதனால்தான் விலை கூடிய கைக்கடிகாரத்துக்கு முன்பே இதயத்துடிப்பை அளக்கும் இந்த நெஞ்சுப் பட்டையை வாங்கச் சொல்கிறோம்.

போலார், ஃபின்லாந்தின் கெம்பெலே ஊரில் 1977-இல் தொடங்கிய நிறுவனம். உடம்பில் அணிந்து ஓடக்கூடிய கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவியை 1982-இல் கொண்டுவந்தது. எச்10-இல் இரண்டே பாகம்: மார்பைச் சுற்றிக் கட்டும் மீள்தன்மையுள்ள பட்டை, அதில் இரண்டு பொத்தான்களால் மாட்டும் சிறிய சென்சார். இதயம் சுருங்கும்போது எழும் மின்சமிக்ஞையைத் தோலிலிருந்து எடுத்து, புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கோ கடிகாரத்துக்கோ அனுப்பும்.

கைக்கடிகாரங்கள் வேறு வழியில் அளக்கின்றன. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் வந்து போவதைப் பார்க்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது இது சரியாகவே வரும். கை வீசி ஓடும்போது, அதுவும் கடிகாரம் தளர்ந்து வியர்வையில் வழுக்கும்போது, கருவி இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். பக்கத்தில் வருகிறவரோடு நன்றாகப் பேசிக்கொண்டே ஓடுகிறீர்கள், கடிகாரமோ 165 காட்டுகிறது என்றால், அது நிமிடத்துக்கு நீங்கள் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையாக இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து கிளினிக்குக்கு ஓடுகிறவர்களும் உண்டு. உண்மையிலேயே கூடியிருக்கும்போது ‘கடிகாரம் எப்போதும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து.

கட்டும் முறை முக்கியம். பட்டையின் உட்புறம் கரடுமுரடான இரண்டு பகுதிகள் இருக்கும், அவையே மின்முனைகள். குழாய்த் தண்ணீரில் அவற்றை நன்றாக நனைக்க வேண்டும், இரண்டு சொட்டு போதாது. மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, பெண்கள் உள்ளாடைப் பட்டிக்கு ஒட்டிக் கீழே கட்ட வேண்டும். மூச்சை இழுக்க இடைஞ்சல் இல்லாமலும், குதித்தால் நழுவாமலும் இருந்தால் இறுக்கம் சரி. காய்ந்த பட்டையோடு கிளம்பினால் முதல் பத்து நிமிடம் 200-க்கு மேல் தாவும், அல்லது எண்ணே வராது. சட்டைத் துணி உரசுவதாலும் இப்படி ஆகும். வியர்த்த பிறகு தானாகச் சரியாகிவிடும். நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடுவதால் இது பெரிய குறையில்லை. குளிர்சாதன உடற்பயிற்சிக் கூடத்தில்தான் தொல்லை.

கைப்பேசியோடு இணைக்கும்போது பலர் செய்யும் தவறு, புளூடூத் அமைப்புக்குள் போய் அங்கேயே இணைப்பது. செயலியைத் திறந்து அதற்குள்ளிருந்துதான் சென்சாரைத் தேட வேண்டும். பட்டை உடம்பில் இல்லாதபோது சென்சார் தூங்கிவிடும், அப்போது தேடினால் கிடைக்காது. ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் இணைப்புகளை எச்10 தாங்கும் என்பதால், கைப்பேசியும் கடிகாரமும் சேர்ந்தே படிக்கலாம். போலார் செயலியில் பதிவைத் தொடக்கிவிட்டுக் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துப் போகவும் வழியுண்டு; ஒரு பயிற்சியைச் சென்சார் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் தனியாகத் தோட்டத்துக்குள் போகிறவர் கைப்பேசி இல்லாமல் போகவே கூடாது.

இனி எண்கள். முதலில், இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்று கணிக்க வேண்டும். அதற்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கைவிட, 2001-இல் தனாக்கா என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட கணக்கு நடுவயதுக்கு மேல் பொருத்தமானது: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு 173 வரும். அதில் 60 முதல் 75 விழுக்காடு, அதாவது 104 முதல் 130 வரை, தொடக்க மாதங்களின் எல்லை. இதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் மாறும். அதனால் பேச்சையும் கூடவே சோதிக்க வேண்டும். முழு வாக்கியம் இடையில் அறாமல் வந்தால் வேகம் சரி.

வாரம் மூன்று நாள், முப்பது நிமிடம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. 130-ஐத் தொட்டால் உடனே நடைக்கு மாறி, 115-க்கு இறங்கியபின் மீண்டும் ஓடலாம். மேடு வந்தால் வெட்கப்படாமல் நடக்க வேண்டும். மேட்டில் எண் எப்படி ஏறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரே வேகத்தில் போனாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் துடிப்பு பத்துக்கு மேல் கூடும். வெப்பத்தைத் தணிக்க இரத்தம் தோலுக்குப் போவதும், வியர்வையில் நீர் குறைவதுமே காரணம். வேகத்தைக் குறைத்தால் போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதே 125 துடிப்பில் கூடுதல் தூரம் போகத் தொடங்கினால், பயிற்சி உடம்பில் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் வழக்கத்தைவிடப் பத்து கூடுதலாகக் காட்டினால் தூக்கக் குறைவோ, நீர்க் குறைவோ, வரப்போகும் காய்ச்சலோ இருக்கலாம். டெங்கி உள்ள ஊர் இது. அன்று ஓடாமல் திரும்பிவிடுவதே சரி.

பட்டை மருத்துவர் ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இனவாரியாக இந்தியர்களிடமே அதிகம். ஓடத் தொடங்குமுன் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தவே பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பைப் பிடித்து வைப்பதால், 110-இலேயே அவர்கள் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் எல்லை கேட்டு வாங்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை இறங்குவதைப் பட்டை காட்டாது. நெஞ்சு அழுத்தினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

குறைகளில் பெரியது, தோல் அரிப்பு. உப்பு ஊறிய பட்டையைக் கழுவாமல் மறுநாளும் கட்டுவதே வழக்கமான காரணம். விளிம்பு படும் இடத்தில் வாசலின் தடவலாம், மின்முனை படும் இடத்தில் தடவினால் சமிக்ஞை கெடும்.

பராமரிப்பில் ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: ஓடி முடித்தவுடன் சென்சாரைக் கழற்றித் துடைத்துவிட வேண்டும். ஈரப் பட்டையில் மாட்டியே வைத்தால், உடம்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது விழித்தே கிடக்கும். சிஆர்2025 பட்டன் மின்கலம் சுமார் 400 மணி நேரம் வரும். வாரம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல். கழற்றாதவர்களுக்குத்தான் சில மாதத்திலேயே தீர்ந்துபோகும். பட்டையை ஒவ்வொரு முறையும் ஓடும் நீரில் அலச வேண்டும், ஐந்து முறைக்கு ஒருமுறை மிதமான சோப்பில் துவைக்க வேண்டும். குளோரின் வெளுப்பானும் இஸ்திரியும் ஆகாது. மழைக்காலத்தில் பைக்குள் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நிழலில் காற்றாடத் தொங்கவிடலாம். காலப்போக்கில் மின்முனை உரிந்து எண் தாவத் தொடங்கும்போது புதுக் கருவி வாங்கிவிடாதீர்கள். பட்டை தனியாகவே விற்கிறது, பழைய சென்சாரை அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.