கூல் ரூஃப் பெயின்ட்: ஒரு கத்திரி, ஒரு ஐப்பசி மழை தாண்டின பிறகு ரிவ்யூ

முதல்ல ரிசல்ட்ட சொல்லிடுறேன், அவசரத்துல இருக்கவங்க இதோட கிளம்பிடலாம். மொட்டை மாடி தளத்துல அடிக்கற, வெயில திருப்பி அனுப்பற இந்த வெள்ளை பெயின்ட் வேலை செய்யுது. மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடில வெறுங்கால்ல நிக்க முடியுது, ராத்திரி பத்து பதினொண்ணு வரைக்கும் சீலிங்லருந்து இறங்கிட்டே இருந்த அனல் இப்ப சாப்பாட்டு நேரத்துக்குள்ள அடங்கிடுது, ஏசி போட்டா ரூம் சட்டுனு குளிருது. ஆனா ஏசியே வேணாம்ங்கற அளவுக்கெல்லாம் இல்ல, அப்படி சொல்லி யாராவது வித்தா நம்பாதீங்க. அஞ்சுக்கு மூணரை ஸ்டார்.

வீடு சென்னை புறநகர்ல, அரை கிரவுண்டு, நாங்க இருக்கறது மேல் மாடி. தளத்து மேல சுர்க்கியும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு கலவை) இல்ல தட்டோடும் இல்ல, வெறும் சிமென்ட் பூச்சு தான். ஏப்ரல் வந்தா ஃபேன் போட்டா அனல் காத்து தான் மூஞ்சில அடிக்கும்.

பெயின்ட் வாங்கப் போன முதல் கடைல நடந்தது தான் செம. பேர் வேணாம். கடைக்காரர் "பத்து டிகிரி குறையும் சார்"னாரு. எங்க குறையும், தளத்துலயா ரூம்லயான்னு கேட்டா "எல்லாத்துலயும் தான் சார்"ங்கறாரு. அப்புறம் எங்கள மாடிக்கு கூட்டிட்டு போய், கொரோனா டைம்ல நெத்தில காட்டுவாங்களே அந்த மாதிரி ஒரு தெர்மாமீட்டர் கன்ன எடுத்து, வெறும் சிமென்ட்ல காட்டினாரு, ஐம்பதுக்கு மேல. பக்கத்துல சில்வர் கலர் அலுமினியம் பெயின்ட் அடிச்ச இடத்துல காட்டினாரு, படார்னு குறைஞ்சு காட்டுது. என் மச்சான் (ஏசி மெக்கானிக்) சிரிச்சுட்டு, கைய வெச்சு பாருங்க மாமான்னான். வெச்சேன், சுட்டுது.

விஷயம் என்னன்னா அந்த கன் சூட்ட நேரா அளக்கறதில்ல, பரப்புலருந்து வர்ற இன்ஃப்ராரெட்ட (கண்ணுக்கு தெரியாத வெப்ப கதிர) வெச்சு கணக்கு போடுது. அலுமினியம் மாதிரி பளபளப்பான பரப்பு சூடா இருந்தாலும் அத கம்மியா தான் வெளிய விடும், கூடவே வானத்தோட பிரதிபலிப்பும் சேர்ந்துக்கும், அதனால கன் குறைச்சு காட்டும். நமக்கும் அது நஷ்டம் தான், வாங்கின சூட்ட வெளிய விடாம தளமே வெச்சுக்கும்ல. அவர் ஏமாத்தினாரா இல்ல அவருக்கே தெரியாதான்னு எனக்கு சொல்ல தெரியல, வெளிய வந்துட்டோம்.

இங்க தான் அரசாங்க பில்டிங் கோட் (கட்டட விதி) உதவுச்சு. மத்திய அரசோட பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி (ஏசி, ஃபேன்ல ஸ்டார் ஒட்டறாங்களே, அவங்களே தான்) 2007ல ஈசிபிசின்னு (எனர்ஜி கன்சர்வேஷன் பில்டிங் கோட்) ஒரு கோட் கொண்டு வந்து 2017ல புதுசாக்கினாங்க. பெரிய கமர்ஷியல் கட்டடத்துக்கானது, 100 கிலோவாட் கனெக்டட் லோடுக்கு மேல. நம்ம வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வீடுகளுக்குன்னு 2018ல எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு தனியா ஒண்ணு வந்துச்சு, அதுவும் 500 சதுர மீட்டர் மனைலருந்து தான், அதாவது ரெண்டேகால் கிரவுண்டு. அதுவும் மாநிலம் அவங்க பில்டிங் ரூல்ஸ்ல சேர்த்தா தான் பிளான் அப்ரூவல்லயே கேப்பாங்க. அரை கிரவுண்டுக்காரன எவன் கேக்கப்போறான்!

கேக்கலேன்னா என்ன, நம்பர எடுத்துக்கலாம்ல. ஈசிபிசி 2017 சொன்னது, தட்டையான கூரைன்னா சோலார் ரிஃப்ளெக்டன்ஸ் 0.60க்கு குறையக்கூடாது, எமிட்டன்ஸ் 0.90க்கு குறையக்கூடாது. முதல் நம்பர் வெயில எவ்வளவு திருப்பி அனுப்புது, ரெண்டாவது உறிஞ்சின சூட்ட எவ்வளவு வெளிய விடுது. இந்த ரெண்டாவது நம்பர்லயே சில்வர் பெயின்ட் அவுட். அடுத்த கடைல போய் டிகிரி கதையே பேசல, இந்த ரெண்டு நம்பரும் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு மட்டும் கேட்டேன். அந்த கடை பையன் போன்லயே கம்பெனிக்காரங்ககிட்ட பேசி பிடிஎஃப் வாங்கி காட்டினான், வெள்ளை அக்ரிலிக் கோட்டிங், ரிஃப்ளெக்டன்ஸ் 0.8க்கு மேல. வாங்கிட்டோம். கடைக்கு முழு மார்க்.

அடிக்க வந்த ஆளுங்களுக்கு பாதி மார்க் தான். தளத்த கூட்டிட்டு நேரா ரோலர எடுத்துட்டாங்க. பாசிய சுரண்டி, பிரஷர் வாஷ் பண்ணி, வெடிப்புக்கு ஃபில்லர் போட்டு, காய விட்டு, பிரைமர், அப்புறம் தான் ரெண்டு கோட், அது டப்பாலயே போட்டிருக்கு. "அதெல்லாம் தேவையில்ல சார், நாங்க எத்தன வீடு பாத்துருக்கோம்"னு ஒரே பேச்சு. தண்ணிய வேற டப்பால சொன்னதுக்கு மேல கலக்க பாத்தாங்க. மாடிலயே சேர் போட்டு உக்காருங்க, வேற வழியில்ல. மெட்டீரியல் கூலி எல்லாம் சேத்து சதுர அடிக்கு 30 ரூபா பக்கம் ஆச்சு.

ஐப்பசி மழை முடிஞ்சதும் தான் குறை தெரிஞ்சுது. தண்ணி போற குழாய் வாய்கிட்ட தேங்கற இடத்துல கருப்பா பூஞ்சை, மத்த இடமெல்லாம் ரோட்டு புழுதி ஒட்டி பழுப்பு. அழுக்கு வெள்ளை வெயில முன்ன மாதிரி திருப்பி அனுப்பாது, அவ்வளவு தான். நம்ம அரசாங்க கோட் மேல எனக்கு கோவம் இதுல தான், அந்த 0.60 புதுசா அடிச்ச அன்னிக்கு இருக்க வேண்டிய நம்பர். கலிஃபோர்னியால டைட்டில் 24னு ஒரு கோட் இருக்கு, அதுல மூணு வருஷம் வெயில் மழைல கிடந்த பிறகு என்ன ரிஃப்ளெக்டன்ஸ்னு பாக்கறாங்க, கமர்ஷியல் கட்டடத்து தட்டை கூரைக்கு 0.63. நம்ம ஊர் புழுதிக்கும் பாசிக்கும் அந்த விதி தான முதல்ல வேணும்? தை மாசம் சோப்பு தண்ணி ஊத்தி தேய்ச்சு கழுவினோம், பெரும்பாலும் வெளுத்துடுச்சு, குழாய் வாய் மட்டும் இன்னும் கருப்பு தான்.

இன்னொண்ணு, பெயின்ட் இன்சுலேஷன் கிடையாது. எக்கோ நிவாஸ் சம்ஹிதால கூரையோட யூ வேல்யூ (சூடு எவ்வளவு சுலபமா உள்ள கடக்குதுங்கற அளவு, கம்மியா இருந்தா நல்லது) 1.2க்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு, ஆறு இஞ்ச் கான்கிரீட் தளம் மட்டும்னா 3க்கு மேல வரும். பெயின்ட் இந்த நம்பர அசைக்கவே அசைக்காது. ரெண்டு சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் போர்டு (தெர்மோகோல் மாதிரி, ஆனா கெட்டியா இருக்கும்) போட்டு மேல ஸ்கிரீடும் (சிமென்ட் பூச்சு) ஓடும் போட்டா 1.2 கிட்ட வந்துடும், ஆனா செலவு வேற லெவல். புது வீடு கட்டறவங்க தளம் போடும்போதே இஞ்சினியர்கிட்ட கேட்டு போட்டுடுங்க, பின்னாடி தட்டோட்ட உடைச்சு போடறது பெரிய தலைவலி. தெலங்கானால 2023ல கூல் ரூஃப் பாலிசியே போட்டுட்டாங்க, 600 சதுர கஜத்துக்கு மேல மனைன்னா வீட்டுக்கும் கட்டாயம்.

சில்லறை குறைகள்: மே மாசம் வத்தல் காய வைக்க போனா கூலிங் கிளாஸ் இல்லாம கண்ண திறக்க முடியாது, அம்மா திட்டிட்டே இருக்காங்க. எதிர் வீட்டு ரெண்டாவது மாடிக்காரரும் வெளிச்சம் அடிக்குதுன்னு வந்து சொல்லிட்டு போனாரு. மழைல வழுக்கும், வயசானவங்க இருந்தா கொடி கட்டற பக்கம் மட்டும் சொரசொரப்பா ஓடு போட்டுக்கோங்க. கீழ் போர்ஷன்ல இருக்கவங்களுக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஹவுஸ் ஓனர் பெயின்ட் காச ஷேர் பண்ண சொன்னா குடுக்காதீங்க.