வெயிலுக்கு ஜின்: ரிக்கியா, காலின்ஸா?

ரிக்கி, டாம் காலின்ஸ் இரண்டும் ஜின் காக்டெய்ல்கள். ஜின், எலுமிச்சை, சோடா மூன்றும் ரிக்கியிலும் உண்டு, டாம் காலின்ஸிலும் உண்டு. காலின்ஸில் மட்டும் சேரும் சர்க்கரைதான் வித்தியாசம். அந்த ஒரு பொருளால் குடிக்கும் வேகம், தாகம் அடங்கும் விதம், தவறு செய்ய இருக்கும் இடம் எல்லாமே மாறிவிடுகின்றன. கொளுத்தும் வெயிலுக்கு எங்கள் ஓட்டு ரிக்கிக்குத்தான், சோடா நன்றாக இருந்தால்.

ரிக்கியின் ஊர் வாஷிங்டன். 1880-களில் ஷூமேக்கர் என்ற மதுக்கடையில் பூர்பன் விஸ்கியும் சோடாவும் கேட்டு வாங்கிய ஜோ ரிக்கியின் பெயர் ஒட்டிக்கொண்டது. விஸ்கி போய் ஜின் வந்த பிறகுதான் பானம் ஊரெங்கும் பரவியது. கோடைப் புழுக்கத்துக்குப் பேர்போன அந்த நகரம் 2011-இல் அதைத் தன் சொந்தக் காக்டெய்லாக அறிவித்தது. புழுக்கத்தில் இனிப்பு நாக்கில் பசையாக ஒட்டும். புளிப்பும் கேஸும் மட்டும் இருந்தால் வாய் சுத்தமாகும்.

400 மி.லி. பிடிக்கும் உயரமான டம்ளரில் விளிம்பு வரை ஐஸ் போடுங்கள். ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. லண்டன் ட்ரை ஜின், 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, 120 மி.லி. சோடா. அமெரிக்கச் செய்முறைகள் அரைப் பழம் போதும் என்கின்றன. அது விதையில்லாத பெரிய பழம். நம் சந்தையின் மெல்லிய தோல் சிறு பழம் என்றால் முழுதாக ஒன்று வேண்டும். பிழிந்த மூடி ஒன்றையும் டம்ளருக்குள்ளேயே போட்டுவிடுங்கள். தோலின் எண்ணெயில்தான் ரிக்கியின் மணம் இருக்கிறது. ஆனால் கடைசிச் சொட்டுக்காக மூடியை நசுக்கக் கூடாது. வெள்ளைச் சதையின் கசப்பு இறங்கும், அதை மறைக்க இங்கே சர்க்கரை இல்லை.

ரிக்கி சொதப்புவது பெரும்பாலும் சோடாவால்தான். குளிர்ந்த நீரில்தான் கேஸ் தங்கும். அறைச் சூட்டில் இருந்த பாட்டிலைத் திறந்து ஐஸ் மேல் ஊற்றினால் பாதி கேஸ் நுரையாகப் போய்விடும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள், சிறிய பாட்டிலாக வாங்குங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸின் மேல் படிந்த வெண்பனியும் கேஸைத் துரத்தும். ஒரு முறை தண்ணீரில் அலசி வடித்துவிட்டுப் போடுங்கள். சோடாவை டம்ளரின் ஓரமாகச் சரித்து ஊற்றி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கி விட்டால் போதும். பன்னீர் சோடா, லெமன் சோடா பக்கம் போகவே வேண்டாம்.

டாம் காலின்ஸ் இவ்வளவு கறாரில்லை. ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்க பார்டெண்டரின் 1876 கையேட்டிலேயே அச்சேறிவிட்ட பானம். இனிப்பு இருப்பதால் சுமாரான ஜின்னையும் சுமாரான சோடாவையும் தாங்கிக்கொள்ளும். 60 மி.லி. ஜின், 25 மி.லி. மஞ்சள் லெமன் சாறு, 20 மி.லி. சர்க்கரைப் பாகு மூன்றையும் ஷேக்கரில் ஐஸுடன் பத்து விநாடி குலுக்கி, புது ஐஸ் நிறைத்த டம்ளரில் வடித்து, மேலே 75 மி.லி. சோடா. சோடாவை ஷேக்கருக்குள் ஊற்றினால் மூடி கூரைக்குப் போகும்.

பாகு என்றதும் கம்பிப் பதம் வரை காய்ச்சாதீர்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, கரைந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். நேரடியாகச் சர்க்கரை போட்டால் குளிர்ந்த ஜின்னில் கரையாமல் அடியில் கிடக்கும். முதல் பாதி புளிக்கும், கடைசி மடக்கு தித்திக்கும். மஞ்சள் லெமன் கிடைக்காத ஊரில் நம் எலுமிச்சையே ஆகும், ஆனால் 20 மி.லி.யில் நிறுத்துங்கள். அமிலம் கிட்டத்தட்ட சமம்தான். வாசனை கூர்மையானது, கூடினால் ஜின்னை அமுக்கிவிடும். சற்றே இனிப்பான ஓல்ட் டாம் வகை ஜின் கிடைத்தால் பாகை 15 மி.லி.யாகக் குறைக்கலாம்.

இந்த 20 மி.லி. பாகில் சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. இனிப்பு வேண்டாம் என்று ஜின் டானிக்குக்குத் தாவுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான டானிக் வாட்டரில், அதாவது குயினைன் சேர்த்த கசப்புச் சோடாவில், 100 மி.லி.க்கு 8 கிராமை ஒட்டிச் சர்க்கரை உண்டு. ஒரு டம்ளருக்கு 150 மி.லி. ஊற்றினால் கணக்கு காலின்ஸிடமே வந்து நிற்கும். குயினைன் கசப்பு அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கிம்லெட்? ஜின்னும் லைம் கார்டியல் எனப்படும் இனிப்பு எலுமிச்சைப் பாகும் சேர்ந்த அருமையான பானம், வெயிலுக்கு அல்ல. சோடா இல்லாததால் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஐஸ் இல்லாத கோப்பையில் வருவதால் மொட்டை மாடியில் சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். ஏசி அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கியும் காலின்ஸும் 12 சதவீதம் சுமாருக்கு வரும், ஐஸ் உருக உருக இன்னும் இறங்கும். இதில் ரிக்கிதான் ஏமாற்றும்: தண்ணீர் மாதிரி இறங்குவதால் இரண்டாவதற்கு 45 மி.லி. ஜின் போதும்.

பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் மட்டும் எங்கள் ஓட்டு மாறும். ரிக்கியை ஒவ்வொரு டம்ளராகத்தான் தயாரிக்க வேண்டும். காலின்ஸை முன்கூட்டியே கலக்கலாம். 600 மி.லி. ஜின், 250 மி.லி. லெமன் சாறு, 200 மி.லி. பாகு, குலுக்கும்போது உருகும் ஐஸுக்கு ஈடாக 250 மி.லி. குளிர்ந்த தண்ணீர். ஜாடியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஆளுக்கு 130 மி.லி. ஊற்றி, சோடாவைப் பரிமாறும்போது சேருங்கள். சாறு மட்டும் அன்றைக்கே பிழிந்ததாக இருக்கட்டும்.