வரி மாறும்போது குடோன் நிறைய சரக்கா, பாண்டட் கிடங்கா, இரண்டாவது சப்ளையரா? வடசென்னைப் பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

2025-இல் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீது போட்ட வரியின் தேதிகளைப் பாருங்கள். ஏப்ரல் 2 அன்று 26% என்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 9 அன்று அதை 90 நாள் தள்ளிவைத்து, 10% மட்டும் வசூலித்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று 25%. அதே மாதம் 27 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இன்னொரு 25% ஏற்றி, மொத்தம் 50% ஆக்கினார்கள்.

சென்னையில் ஏற்றிய பெட்டி, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறி அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். ஜூலை கடைசியில் கிளம்பிய பெட்டி கரை தொடுவதற்குள் வரி இரண்டு முறை ஏறிவிட்டது. 27-ஆம் தேதிக்கு முன் கப்பலேறிய சரக்குக்குப் புதிய 25% கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது உண்மைதான். ஆனால் செப்டம்பர் 17-க்கு முன் அங்கே இறங்கிச் சுங்கக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் கிளம்பிய சென்னைச் சரக்குக்கு மூன்று வாரம் எப்படிப் போதும்?

வரி மாறுவது அந்தப் பக்கம் மட்டுமல்ல. 2025 ஏப்ரல் 21 முதல் இறக்குமதியாகும் சில தட்டை எஃகு வகைகளுக்கு இந்தியா 12% தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்தது, 200 நாட்களுக்கு. ஆகஸ்ட் 19 அன்று பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11% வரியைத் தற்காலிகமாக எடுத்தது. ஒரே வருடத்தில் மூலப்பொருள் விலையும் விற்பனை விலையும் நம் கையில் இல்லாமல் ஆடின.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துச் சிறு பட்டறைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்றே ஒரு துறை இருக்கும். நாற்பது, ஐம்பது பேர் வேலை செய்கிற பிரஸ் ஷாப்பில் முதலாளிதான் பர்ச்சேஸ், அவர்தான் பேங்க், அவர்தான் டிஸ்பாட்ச். ஆர்டர் தடுமாறினால் முதலில் ஓவர்டைம் நிற்கும், அடுத்த மாதம் ஒப்பந்தத் தொழிலாளியின் ஷிப்ட் போகும். எண்ணூரிலும் எர்ணாவூரிலும் அந்த ஓவர்டைம் காசில்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். அதனால் எந்த வழி தாங்கும் என்பதை ரூபாய்க் கணக்கில் பார்த்தே ஆக வேண்டும்.

கணக்குக்கு ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். இரும்புத் தகடு வாங்கி ப்ராக்கெட், கிளாம்ப் அடிக்கிறது. பேரிங், புஷ் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சேர்த்துப் பூட்டிய பாகம் பாதி உள்ளூருக்கு, பாதி அமெரிக்காவுக்கு. ஒரு பேரிங் பெட்டியின் மதிப்பு ₹40 லட்சம். அடிப்படைச் சுங்க வரி 7.5% என்றால் ₹3 லட்சம். அதன் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி ₹30,000. இவற்றைச் சேர்த்த ₹43.30 லட்சத்துக்கு 18% ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) ₹7,79,400. ஆக மொத்தம் ₹11,09,400 கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். ஐ.ஜி.எஸ்.டி. பின்னால் நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கிரெடிட்டாகக் கழிந்துவிடும். முதல் இரண்டும் போனது போனதுதான்.

வரி ஏறப்போகிறது என்று பேச்சு வந்தாலே பலருக்கும் முதலில் தோன்றுவது, இப்போதே வாங்கிக் குவித்துவிடலாம் என்பது. சரி, கணக்குப் போடுவோம். ஐ.ஜி.எஸ்.டி. கிரெடிட் உடனே கழிந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் ₹43.30 லட்சம் மாட்டிக்கொள்கிறது. சி.சி. கணக்கில் (பட்டறை ஓட்டப் பேங்க் தரும் கடன்) 12% வட்டி என்றால் மாதம் ₹43,300. மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட ₹1.30 லட்சம். பயந்தபடியே சுங்க வரி 7.5 இலிருந்து 10 ஆனால், கூடுதலாகக் கட்ட வேண்டியது எவ்வளவு? கூடுதல் வரியும் சேர்த்து ₹1.10 லட்சம். அதாவது மூன்று மாதம் குவித்து வைத்த செலவு, தப்பித்த வரியைவிட அதிகம். இதில் குடோன் வாடகையும் இன்சூரன்சும் இன்னும் சேரவில்லை. திடீரென்று 12% மாதிரி பெரிய வரி விழுந்தால் மட்டும் குவித்தவர் ஜெயிப்பார், ஏனென்றால் அப்போது மிச்சமாவது ₹4.80 லட்சம். இரண்டு, மூன்று சதவீத ஏற்றத்துக்குப் பயந்து குவிப்பது பேங்குக்கு வட்டி கட்டுவதில்தான் முடியும்.

வடசென்னைக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் மணலி புதுநகர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பூண்டி ஏரியில் திறந்த தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வரும்போது தாழ்வான குடோனில் தரையோடு அடுக்கிய சரக்கு முதலில் நனையும். வெள்ளம் வராத வருடத்திலும் எண்ணூர்க் காற்றில் உப்பு இருக்கிறது. துருத் தடுப்புத் தாள் சுற்றாத பேரிங் பாக்கெட்டை ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் உள்வளையத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஓடியிருக்கும். அப்புறம் அதை எந்தக் கஸ்டமரும் எடுக்க மாட்டார்.

குவிப்பதற்கு நேர்ப் போட்டி, பாண்டட் கிடங்கு. வரி கட்டாமல் சரக்கைச் சுங்கத் துறையின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவுக்கு மட்டும் வரி கட்டி எடுப்பது. இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பலமாக இருக்கிறது. தம்பு செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு:

“அண்ணே, பாண்டுல போட்டுட்டா இப்ப இருக்கற ரேட் அப்படியே நின்னுடும்ல?”

“இல்ல தம்பி. எடுக்கறதுக்கு பில் போடுற அன்னைக்கு என்ன ரேட்டோ, அதுதான்.”

புரோக்கர் சொல்வதுதான் சட்டம். சுங்கச் சட்டம் 15-ஆவது பிரிவின்படி, கிடங்கில் இருக்கும் சரக்குக்கு எக்ஸ்-பாண்ட் பில், அதாவது வெளியே எடுப்பதற்கான பில், தாக்கல் செய்யும் நாளின் விகிதம்தான் பொருந்தும். அதனால் பாண்ட் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் வரி ஏற்றத்திலிருந்து தப்ப முடியாது. அது வேறு இரண்டு வகையில் உதவும். வரி இறங்கினால் அந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும். ₹11.09 லட்சம் கையிலேயே இருக்கும். முதல் 90 நாள் வட்டி இல்லை. அதற்குப் பிறகு எடுக்கும்போது வரித் தொகைக்கு ஆண்டுக்கு 15% வட்டி. பொதுவாக ஒரு வருடம் வரை வைக்கலாம். ஏற்றம் வரப்போகிறது என்று நினைத்தால், பட்ஜெட்டுக்கு முந்தைய வாரமே பில் போட்டு எடுத்துவிடலாம். எடுப்பதா விடுவதா என்ற முடிவைக் கடைசி நாள் வரை கையில் வைத்திருக்கலாம். குவித்து வைத்தவருக்கு அது கிடையாது. அவர் வரியைக் கட்டிவிட்டார்.

செலவும் உண்டு. வரியின் மூன்று மடங்குக்கு, அதாவது இந்தப் பெட்டிக்கு ₹33.28 லட்சத்துக்கு, பாண்ட் என்ற உறுதிப் பத்திரம் எழுதித்தர வேண்டும். கிடங்கு வாடகை, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புரோக்கர் கட்டணம், வண்டி வாடகை என்று சேரும். வாரம் ஒரு பேலட் எடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் அந்தச் சில்லறைச் செலவே லாபத்தைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை என்றால் கட்டுப்படியாகும்.

ஏற்றுமதிக்குப் போகிற பாதிக்கு வேறு இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற முன்அனுமதியை வாங்கினால் உள்ளீடு வரியில்லாமல் வரும். ஆனால் பொதுவாக 18 மாதத்துக்குள், குறைந்தது 15% மதிப்புக்கூட்டலோடு ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். அமெரிக்க ஆர்டர் நின்றுபோனால் வேறு நாட்டுக்கு அனுப்பிக் கடமையை முடிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வரியை வட்டியோடு கட்ட வேண்டும். இன்னொன்று, சுங்கச் சட்டம் 65-ஆவது பிரிவில் பட்டறையையே பாண்டட் இடமாக மாற்றி உள்ளேயே உற்பத்தி செய்வது. இதில் ஏற்றுமதிக் கடமை கிடையாது. வெளிநாட்டுக்குப் போனால் உள்ளீட்டு வரி இல்லை. உள்ளூரில் விற்றால் அப்போது வரி கட்டினால் போதும், வட்டி இல்லை. ஆர்டர் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத காலத்தில் 65-ஆவது பிரிவுதான் நன்றாக வளைந்து கொடுக்கும் என்பது என் கருத்து. முக்கிய நிபந்தனை, கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். வரவு, உபயோகம், கழிவு எல்லாம் அன்றன்றைக்குப் பதிவாக வேண்டும். அதற்கென்று ஒரு ஆளைப் போட முடியாத பட்டறை இதில் இறங்கக் கூடாது.

இனி இரண்டாவது சப்ளையர். மற்ற வழிகள் எல்லாம் நேரம் வாங்கித் தருகின்றன; இது மட்டும்தான் வேறு பாதையைத் தருகிறது. தகடு விஷயத்தில் வடசென்னைக்கு ஒரு வரம் பக்கத்திலேயே இருக்கிறது: சாத்தாங்காடு இரும்புச் சந்தை. காலையில் போன் செய்தால் மாலையில் டெம்போ வந்துவிடும். இறக்குமதியைவிட டன்னுக்கு விலை கூட இருக்கலாம். ஆனால் இரண்டு டன்னும் வாங்கலாம், பழகிய கடையில் கடனும் சொல்லலாம். கடலில் 25 டன் போய்க்கொண்டிருக்கும்போது வரி மாறுமோ என்று தூக்கம் கெடாது.

இதில் செலவு விலையில் இல்லை, ஒப்புதலில் இருக்கிறது. ஒரே கிரேடு, ஒரே 2 மி.மீ. கனம் என்று சர்டிபிகேட் சொன்னாலும் வேறு மில்லின் தகடு அதே டையில் (அடிக்கும் அச்சு) வேறு மாதிரி நடந்துகொள்ளும். வளைத்து விட்டதும் கொஞ்சம் திரும்பி எழும்பும் அளவு மாறும். 90 டிகிரி வர வேண்டிய ப்ராக்கெட் 91-இல் நிற்கும். அப்புறம் டையில் ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து, மறுபடி அடித்து, அளந்து, சாம்பிள் அனுப்பி, கஸ்டமரின் குவாலிட்டி ஆள் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகும், சில கஸ்டமர்களிடம் மாதங்கள். வரி அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். அமைதியான மாதத்தில் செய்து ஒப்புதலைப் பைலில் வைத்திருந்தால், நெருக்கடி வரும் அன்று ஒரு போன் போதும். அந்த இரண்டாவது கடைக்கு மாதாமாதம் ஐந்தில் ஒரு பங்காவது வாங்க வேண்டும். அவசரத்துக்கு மட்டும் கதவைத் தட்டினால் அவரும் அவசர விலைதான் சொல்வார்.

பேரிங்குக்கு உள்ளூரில் மாற்று கிடைக்கவில்லை என்றால் வியட்நாம், தாய்லாந்து என்று தேடுவார்கள். தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தத்தில் சலுகை வரி கேட்பதானால் பொதுவிதியாக 35% மதிப்பு அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும், சுங்கப் பட்டியலில் பொருளின் ஆறு இலக்க வகை எண்ணும் மூலப்பொருளின் எண்ணிலிருந்து மாறியிருக்க வேண்டும். சலுகை வரி கேட்கும் சரக்கின் பிறப்பிடத்தைச் சோதிக்க 2020 செப்டம்பரில் வந்த கரோட்டார் விதிகளுக்குப் பிறகு, ஒரிஜின் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. பொருள் எங்கே எப்படி அந்த நாட்டுச் சரக்கானது என்ற தகவலை இறக்குமதியாளரும் வைத்திருக்க வேண்டும். சீனாவில் செய்து வியட்நாமில் பெட்டி மாற்றிய சரக்கு வியட்நாம் சரக்கு ஆகாது. அமெரிக்காவும் இப்படி வேறு நாட்டு வழியாகச் சுற்றி வருவதாகக் கண்டுபிடித்தால் 40% என்று 2025-இல் அறிவித்தது. சப்ளையரின் தொழிற்சாலைப் போட்டோவை மட்டும் நம்பாமல், எந்த இயந்திரத்தில் எந்த வேலை நடக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

சந்தையையே மாற்றலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எமிரேட்ஸ் ஒப்பந்தம் 2022 மே முதலும், ஆஸ்திரேலியா ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதலும், சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளோடு போட்டது 2025 அக்டோபர் 1 முதலும் நடப்பில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் எஞ்சினியரிங் பாகத்துக்குப் புதுக் கஸ்டமர் பிடித்து ஒப்புதல் வாங்குவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். இந்த வருட நெருக்கடிக்கு அது பதில் ஆகாது.

பைசா செலவில்லாத ஒரு வழியைப் பலர் கண்டுகொள்வதில்லை: பர்ச்சேஸ் ஆர்டரில் இரண்டு வாக்கியம். ஆர்டர் போட்ட நாளில் வரி எவ்வளவு என்று எழுதிவிட்டு, அது மாறினால் வித்தியாசத்தை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்றும் எழுதிவிடுங்கள். எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரை மட்டும் நம் பொறுப்பு) விற்றால் வரி வாங்குபவர் தலையில், டி.டி.பி. (வரியும் கட்டி அவர் இடத்தில் சேர்ப்பது) என்றால் முழுதும் நம் தலையில். ஐந்து சதவீத லாபத்தில் ஓடும் பட்டறை டி.டி.பி.க்குக் கையெழுத்துப் போடவே கூடாது. எஃப்.ஓ.பி. என்றாலும் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், அது வேறு. ஆனால் எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்தால் பேச்சு பாதிப் பாதியில் தொடங்கும். எஃகு சேர்ந்த பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2025 ஜூன் 4 அன்று அமெரிக்காவில் எஃகு வரியை 50% ஆக்கினார்கள். ஆகஸ்ட் 18 அன்று 407 பொருள் வகைகளை எஃகு, அலுமினிய வரிப் பட்டியலில் சேர்த்து, அவற்றில் உள்ள அந்த உலோகத்தின் மதிப்புக்கு 50% என்றார்கள். அப்போது இன்வாய்சில் எஃகு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டத் தெரிந்த ஏற்றுமதியாளரைத்தான் வாங்குபவர் விரும்புவார்.

துறைமுகத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், மீஞ்சூர் பக்கம் போய்க் காட்டுப்பள்ளியில் ஏற்றுவது தேதியைக் காப்பாற்றும். இரண்டு பக்கமும் பழக்கமுள்ள புரோக்கரையும் டிரான்ஸ்போர்ட்டரையும் வைத்துக்கொண்டால் போதும்.

பணம் கொஞ்சமாக இருக்கிற பட்டறை எதை முதலில் செய்யலாம் என்று கேட்டால், ஆர்டரில் அந்த இரண்டு வாக்கியத்தை இன்றே எழுதச் சொல்வேன். அடுத்து, தகட்டுக்கு சாத்தாங்காட்டில் ஒரு கடையை ஒப்புதல் வரை கொண்டுபோகச் சொல்வேன். மாற்றுச் சப்ளையரே கிடைக்காத பேரிங் மாதிரிப் பொருளுக்கு மட்டும் ஆறு வாரச் சரக்கை மேல் ரேக்கில், தாள் சுற்றி வைத்துக்கொண்டு, மீதியை பாண்டில் போடலாம். மாதம் ஒருமுறை எடுக்கலாம். ஜனவரி கடைசி வாரத்தில் ஒருமுறையும், 90-ஆவது நாளுக்கு முன் ஒருமுறையும் புரோக்கரோடு உட்கார்ந்து, மிச்சத்தை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.