பூச்சியத்தை எங்கே வைப்பது? உலகின் உச்சிக்கும் அடிக்கும் போட்டியிடும் இடங்கள்

பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது, கைபேசியில் புதிதாக இறக்கிய, உயரம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து பார்த்த என் மருமகன் திகைத்துப்போய், "மாமா, நாங்கள் கடலுக்குக் கீழயோ நிக்கிறம்?" என்று கேட்டான். திரையில் கழித்தல் தொண்ணூறு சொச்சம் மீற்றர் என்று நின்றது. அலையோ எங்கள் காலுக்கு ஒரு முழம் கீழே வந்து திரும்பிக்கொண்டிருந்தது. செயலியில் பழுது எதுவுமில்லை. துருவங்களில் சற்றுத் தட்டையாகக் கணிதத்தால் வரையப்பட்ட வழுவழுப்பான ஓர் உருண்டையையே செயலிக்கு உயரம் சொல்லும் செயற்கைக்கோள்கள் பூமியாக எடுத்துக்கொள்கின்றன. உண்மையான கடலோ ஈர்ப்பு கூடிய இடத்தில் மேடாகவும் குறைந்த இடத்தில் தாழ்ந்தும் கிடக்கிறது. அந்தத் தாழ்வு உலகிலேயே மிகக் கூடுதலாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான். அங்கே கடல்மட்டம் அந்த உருண்டையைவிட 106 மீற்றர் அளவு கீழே கிடக்கிறது. அந்தப் பெரும் குழியின் சரிவில்தான் எங்கள் பருத்தித்துறையும் இருக்கிறது.

உலகின் மிக உயர்ந்த இடம் எது, மிகத் தாழ்ந்த இடம் எது என்று கேட்பவருக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான்: பூச்சியத்தை எங்கே வைக்கிறீர்களோ, அதற்கேற்பவே வெற்றியாளர் மாறுவார்.

உயரத்துக்கான போட்டியில் எவரெஸ்ட், எக்குவடோரின் சிம்பராசோ, ஹவாயின் மௌனா கேயா ஆகிய மூன்றும் முன்னால் நிற்கின்றன. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் 8848.86 மீற்றருடன் எவரெஸ்டே முதலிடம் பெறும். இது நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்த அளவு. சிம்பராசோ வெறும் 6263 மீற்றர்தான். ஆனால் பூமி நடுவில் பருத்தது. மத்திய கோட்டில் அதன் ஆரை துருவங்களில் உள்ளதைவிட 21 கிலோமீற்றர் அளவு கூடியது. மத்திய கோட்டுக்குத் தெற்கே ஒன்றரைப் பாகைக்குள் நிற்கும் சிம்பராசோவின் உச்சி, பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 6384.4 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. வடக்கே 28 பாகையில் நிற்கும் எவரெஸ்டின் உச்சி, அதைவிட இரண்டு கிலோமீற்றர் மையத்துக்குக் கிட்டவாக உள்ளது.

கேட்பதற்கு இந்த வாதம் கவர்ச்சியானதுதான். ஆயினும் இதை ஏற்றுக்கொண்டால் அதன் விளைவுகள் அனைத்தையும் ஏற்கவேண்டும். கடதாசியில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மையத்திலிருந்து அளக்கும்போது பருத்தித்துறை மணலில் நிற்பவர், ஐரோப்பாவின் மொன் பிளாங் பனிச்சிகரத்தில் நிற்பவரைவிட ஐந்து கிலோமீற்றருக்கு மேல் "உயரத்தில்" இருக்கிறார். 2524 மீற்றர் கொண்ட எங்கள் பிதுருதலாகலையோ, உலகின் இரண்டாவது உயர்ந்த மலையான கே 2 சிகரத்தையே முந்திவிடுகிறது. பெரும்பாலும் பத்து மீற்றரைக்கூட எட்டாத சுண்ணக்கல் தட்டையில் பிறந்து வளர்ந்த நமக்கு இது பெருமையாக இருக்கலாம். ஆனால் மூச்சு முட்டாத, பனி விழாத, நீர் தன் போக்கில் ஓடி இறங்காத ஓர் உயரத்தை உயரம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. நீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரமே. எவரெஸ்ட் உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதன் மூன்றிலொரு பங்குதான். அங்கே நீர் 70 பாகை செல்சியஸை அண்டியே கொதித்துவிடும் என்பதால், பானையில் சோறு இலகுவில் வேகாது.

மௌனா கேயாவின் வழக்கு வேறுவிதமானது. கடலுக்கு மேலே அது 4207 மீற்றர்தான் தெரிகிறது. கடலின் அடியில் உள்ள அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் பத்துக் கிலோமீற்றரைத் தாண்டிவிடும். திபெத்திய மேட்டுநிலம் ஏற்கெனவே நான்கு, ஐந்து கிலோமீற்றர் தூக்கிக் கொடுத்த படியில் ஏறி நிற்கும் எவரெஸ்டைவிட, மலை என்ற தனி உருவமாகப் பார்த்தால் மௌனா கேயாவே பெரியது. எனவே உயரமான இடம் எவரெஸ்ட் என்றும் உயரமான மலை மௌனா கேயா என்றும் பிரித்துச் சொல்வதில் எனக்கு ஆட்சேபமில்லை.

இந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு. 1802ஆம் ஆண்டில், உலகின் உச்சி என்று அக்காலத்து ஐரோப்பியர் நம்பிய சிம்பராசோவில் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட் ஏறிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில்தான் சென்னையின் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். அந்த முக்கோணங்கள் வடக்கே ஊர்ந்து இமயத்தை எட்ட அரை நூற்றாண்டு ஆனது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், நூறு மைல்களுக்கும் அப்பாலிருந்து கோணங்களை மட்டும் எடுத்து வந்தார்கள். அவற்றைக் கொண்டு பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்டிருந்த மலையே மிக உயர்ந்தது எனக் கணித்தவர், வங்காளத்துக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தர். 1856இல் அறிவிக்கப்பட்ட அளவு 29,002 அடி. நவீனக் கருவிகள் எல்லாம் வந்தபின் தெரிந்த வித்தியாசம் முப்பது அடி அளவுதான். மலைக்குப் பெயராக அமைந்ததோ சிக்தருடையதன்று, ஓய்வுபெற்றுப் போன தலைமை அளவையாளர் ஜோர்ஜ் எவரெஸ்டுடையது.

தாழ்ந்த இடத்துக்கான போட்டியில் பூச்சியம் மட்டுமன்றி நிலம் எது என்பதும் வழக்காகிறது. ஜிபூட்டியின் அசால் ஏரியும் சீனாவின் துர்பான் பள்ளமும் 150 மீற்றர் சொச்சத்தில் நிற்கின்றன. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு 86 மீற்றர்தான். சாக்கடலின் கரையோ கடல்மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கீழே கிடப்பதால், இவை எதுவும் அதற்கு நிகரில்லை. உண்மையான எதிராளிகள் மறைவில் இருக்கிறார்கள். அந்தாட்டிக்காவின் டென்மன் பனியாற்றுக்கு அடியில், பாறைத் தரை 3500 மீற்றர் ஆழத்துக்கு இறங்குவதாக 2019இல் வெளியான வரைபடம் காட்டியது. சைபீரியாவின் பைக்கால் ஏரியின் அடியும் கடல்மட்டத்துக்கு 1100 மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. நீருக்கும் பனிக்கும் அடியில் கிடப்பதையும் நிலமென்று சேர்த்தால், நவக்கிரியின் நிலாவரைக் கிணற்றின் அடியையும் யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த நிலமாகப் பதியவேண்டிவரும். கால் வைத்து நிற்கக்கூடிய, வானம் தெரியும் இடம் என்ற நிபந்தனையை வைத்தால் சாக்கடலே வெல்கிறது. அதுவே நியாயமான நிபந்தனை என்பேன்.

ஆனால் வென்ற சாக்கடல் ஓரிடத்தில் நிற்பதாயில்லை. 1960களில் அதன் மட்டம் 395 மீற்றர் அளவில் இருந்தது. இப்போது ஆண்டுக்கு ஒரு மீற்றருக்குக் குறையாமல் இறங்குகிறது. அதற்கு நீர் கொடுத்த யோர்தான் ஆற்றையும் அதன் கிளைகளையும் இஸ்ரேல், யோர்தான், சிரியா ஆகிய நாடுகள் வயலுக்கும் குடிநீருக்கும் மறித்து எடுத்துக்கொண்டமை முதல் காரணம். தெற்குப் பகுதியில் உரத்துக்கான பொட்டாசு உப்பு எடுப்பதற்காக ஆலைகள் நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் வற்றவிடுவது மற்றக் காரணம். ஆனையிறவு உப்பளத்தில் பாத்தியின் ஓரம் வெள்ளையாகப் பொருக்கு வெடிப்பதைப் பார்த்தவருக்கு அந்த வேலை புதிதல்ல. பாத்தியின் அளவுதான் வேறு. நீர் பின்வாங்கிய கரையில் உப்புப் படைகள் நிலத்தடியில் அப்படியே கிடக்க, அவற்றுக்குள் நன்னீர் புகுந்து கரைத்துக் குடைந்துவிடுவதால், தெருவும் பேரீச்சந்தோட்டமும் திடீரென்று உள்ளே விழுகின்றன. அப்படியான குழிகள் ஆயிரக்கணக்கில் தோன்றிவிட்டன. மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து நிலாவரை போன்ற கிடங்குகளை ஆக்கியதும் இதே வித்தைதான். கல் கரைய ஆயிரமாயிரம் ஆண்டுகள் எடுக்கும், உப்புக்குச் சில ஆண்டுகளே போதும்.

மருமகன் தன் பயிற்சிக் கொப்பியில் எவரெஸ்டுக்கு 8849 என்றும் சாக்கடலுக்குக் கழித்தல் 430 என்றும் எழுதி வைத்திருந்தான். முதலாவதை அப்படியே விடச் சொன்னேன். இரண்டாவதற்குப் பக்கத்தில் எந்த ஆண்டு அளந்தது என்பதையும் எழுதச் சொன்னேன்.