பச்சைத் திரைக்குச் சாயம் பூசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

எங்கள் நிறுவனத்தின் ஆர்டர், சரக்கு, பில் எல்லாம் ஏஎஸ்/400 வழிவந்த கணினியில் ஓடுகின்றன. 1988இல் ஐபிஎம் கொண்டுவந்த குடும்பம். அதன் இயங்குதளத்துக்கு இன்றைய பெயர் ஐபிஎம் ஐ. எங்கள் நிரல்கள் ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் எழுதியவை. இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் திரையில்தான்: கறுப்பில் பச்சை எழுத்து, 24 வரி, வரிக்கு 80 எழுத்து. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பார்த்ததுமே முகம் சுளிக்கிறார்கள். அதனால், "உங்கள் ஆர்பிஜி நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் நவீனத் திரை தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் வந்தபோது, ஒப்பந்தத்துக்கு முன்னின்றவன் நானேதான்.

தொடாமல் எப்படி முடியும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். பழைய திரை பின்னால் அப்படியே ஓடுகிறது. இன்ன வரியில் இத்தனையாவது எழுத்திலிருந்து வாடிக்கையாளர் எண் என்று கணக்குப் பார்த்து, அதை எடுத்துப் பிரவுசரில் ஓர் அழகான கட்டத்துக்குள் வைக்கிறார்கள். அவ்வளவுதான் நவீனம்! கிடங்குக் குறியீட்டுக்கு இடம் வேண்டி எங்கள் நிரலர் பழைய திரையில் அந்த எண்ணை இரண்டு எழுத்து தள்ளி வைத்தார்; மறுநாள் வாடிக்கையாளர் எண்ணெல்லாம் வால் அறுந்து நின்றன.

அதையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. எங்கள் நிரல்கள் பிழைச் செய்தியை 24ஆவது வரியில் காட்டும். அந்த இடத்தில்தான் அவர்கள் தங்கள் சின்னம் போட்ட பட்டையை ஒட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஆர்டரை அடித்து என்டர் தட்டினார். "இருப்பு போதாது" என்ற செய்தி பட்டைக்கு அடியில் போய்விட்டது. பதிவாகிவிட்டது என்று நினைத்து மூடிவிட்டார். சரக்கு எங்கே என்று வாடிக்கையாளர்கள் கேட்ட பிறகுதான் ஆர்டரே இல்லை என்பது தெரிந்தது.

திரையைப் பார்க்காமலே விரல் போன போக்கில் அடிக்கும் மூத்த ஊழியர் ஒருவர் இருக்கிறார். பக்கம் வந்து சேருமுன் அவர் அடித்ததையெல்லாம் புதிய திரை விழுங்கியது. இரண்டே நாளில் பழைய பச்சைக்கே திரும்பிவிட்டார், நானும் கண்டுகொள்ளவில்லை.

நல்ல திரை தேவையே இல்லை என்று சொல்லவில்லை. திரைக்குப் போகும் தரவை ஆர்பிஜி நிரலிலிருந்தே அதை வாங்கிக் காட்டும் வேறொரு நிரலுக்கு (கையாளுநிரல்) திருப்பிவிடும் 'ஓப்பன் ஆக்சஸ்' வசதி 2010 முதல் இருக்கிறது. அதற்கு நிரலைத் தொட வேண்டும், உழைப்பும் உண்டு. உழைப்பே வேண்டாம் என்கிறவரை நம்பாதீர்கள். செயல்விளக்கத்தில் அவர்களுடைய மாதிரித் திரையை ஒதுக்கிவிட்டு, உங்களுடைய மிகச் சிக்கலான திரையில் உங்கள் ஊழியரை உட்கார வையுங்கள். வேண்டுமென்றே தவறாக அடித்து, செய்தி எங்கே வருகிறது என்று பாருங்கள். உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் திரைகளின் கதி என்ன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எங்களுடையவை அன்றோடு நின்றுவிடுமாம்.

24ஆவது வரியைப் பற்றி நான் அனுப்பிய புகாருக்குப் பதில் வந்துவிட்டது. பிழைச் செய்தி காட்டும் வசதி உயர்நிலைத் தொகுப்பில் இருக்கிறதாம், கட்டணம் தனி.