விசிட் விசாவில் வெளிநாட்டு வேலை: திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றுகிறது. துபாயில் ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பிளம்பர் உடனடித் தேவை, சம்பளம் 1,800 திர்ஹாம், ரூமும் சாப்பாடும் இலவசம், பத்தாவது முடிக்காதவர்களும் வரலாம் என்று போட்டு, கீழே ஒரு நம்பர். ஆபீஸ் பேர் புதுசு, நம்பரும் புதுசு. ஆனால் போன் போட்டால் பேசுகிற ஆள் பழைய ஆள்தான். 2024-ல் என்னிடம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஷார்ஜாவில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனை எடுக்காமல் போன அதே குரல். புகார் நடந்துகொண்டிருப்பதால் பேரை இங்கே போடவில்லை. பேரைப் போட்டாலும் நாளைக்கு வேறு பேரில் வருவார்கள். அதனால் அவர்கள் வேலை செய்கிற முறையைச் சொல்கிறேன், அது மாறாது.

நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஏசி சர்வீஸ் கடையில் இருந்தேன். சித்திரை வைகாசியில் சாப்பிட நேரம் இருக்காது, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடையில் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான், சம்பளமும் பாதி. வெளிநாடு போவது நம்ம பக்கம் புதுசும் இல்லை. அந்த ஆபீஸுக்குப் போனபோது ஏஜெண்ட் பேசிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்தார், உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாகப் பாஸ்போர்ட்டுகள். இத்தனை பேர் போகிறார்கள் என்றால் நல்ல இடம்தான் என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும், தோன்றட்டும் என்றுதான் திறக்கிறார்கள். விசா பேப்பர் கைக்கு வந்ததும் நான் கேட்டேன்.

"அண்ணாச்சி, வேலை விசான்னு சொன்னீங்க, இதுல விசிட்டுன்னுல்லா போட்டிருக்கு?"

"தம்பி, எல்லாரும் இப்படித்தான் போவுதாங்க. போய் இறங்குன உடனே கம்பெனியில மாத்திக் குடுத்துருவாங்க. நான் என்ன உங்கள நடுத்தெருவுலயா விடப் போறேன்?"

அதற்குள் பணம் முழுக்க அவர் கைக்குப் போயிருந்தது. அம்மாவின் செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தது போக மீதி நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியது. ரசீது கேட்டதற்கு ஒன்று கொடுத்தார்கள். அதில் வேலை என்ற வார்த்தையே இல்லை, 'டிக்கெட் மற்றும் டூர் சர்வீஸ்' என்று இருந்தது, தொகை 40,000 மட்டும். மீதிக்கெல்லாம் வாய்வார்த்தைதான். இந்த ரசீதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போலீஸில் அவர்கள் தப்பிக்கிறது இதை வைத்துத்தான்.

பத்தாவது முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று வரும். அந்தப் பாஸ்போர்ட்டோடு சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் அது. அந்த அனுமதி கிடைக்க வேண்டும் என்றால் கம்பெனி பேர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் ஏற வேண்டும். அப்படி ஏறினால் அவர்கள் சொன்ன 1,800 திர்ஹாமை அங்கே கொடுத்தே ஆக வேண்டிய நிலை வரும். ஆனால் அதே ஈசிஆர் பாஸ்போர்ட்டோடு சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை, விசாவும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இருந்தால் போதும். இந்த ஓட்டை வழியாகத்தான் ஆட்களை அனுப்புகிறார்கள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேனில் ஏற்றும்போது சொன்னது இது: "கவுண்டர்ல கேட்டா மாமா வீட்டுக்குப் போறேன், பாத்துட்டு வந்துருவேன்னு சொல்லுங்க. வேலைன்னு வாயத் தொறந்துராதீங்க." கையில் கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டை நாங்கள் போய் இறங்குவதற்குள் கேன்சல் பண்ணிப் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

அங்கே கூட்டிப்போக வந்தவர் முதலில் வாங்கியது பாஸ்போர்ட்டை. அமீரகச் சட்டப்படி எந்த முதலாளியும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளெடுக்கிற செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று 2021-ல் வந்த அவர்கள் தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. வேலை கொடுக்கும் முன் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அது தமிழிலும் கிடைக்கும். இதெல்லாம் அங்கே இருக்கிற சட்டம், ஆனால் விசிட் விசாவில் போனவனுக்கு எதுவும் கைக்கு எட்டாது, ஏனென்றால் விசிட் விசாவில் வேலை பார்ப்பதே அங்கே குற்றம். புகார் கொடுக்கப் போனால் நாமே மாட்டுவோம் என்ற பயத்தை வைத்துத்தான் மொத்த வியாபாரமும் ஓடுகிறது.

என்னைக் கொண்டுபோய் விட்டது ஷார்ஜாவில் சஜா பக்கம் ஒரு கேம்ப்பில், ஒரு சப்ளை கம்பெனியில். சப்ளை கம்பெனி என்றால் சொந்தமாக வேலை எதுவும் இருக்காது, ஆளை மணிக்கணக்கில் வேறு சைட்டுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஏசி மெக்கானிக் என்று போனவனுக்கு டக்ட் தகரத்தைத் தோளில் வைத்து மாடி ஏற்றுகிற வேலை. ரூமில் இரட்டைக் கட்டில்களில் பன்னிரண்டு பேர். சமையலறையில் நாலு அடுப்பு, விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்தால்தான் சோறு வடிக்க அடுப்பு கிடைக்கும், நாலரைக்குப் பஸ். வெறும் டைம் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், மணிக்கணக்கை அவர்களே பிறகு எழுதிக்கொள்வார்கள். முதல் மாசம் 600 திர்ஹாம் கைக்கு வந்தது. கேட்டதற்கு விசா மாற்றுகிற செலவுக்குப் பிடித்தம் என்றார்கள். விசாவும் மாறவில்லை, அடுத்த மாசம் அந்த 600-ம் இல்லை.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி உண்டு. சரியான விசாவில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் நிழலில் படுத்திருப்பார்கள். எங்களைப் பின்பக்கம் லாரியில் சரக்கு இறக்க விட்டிருப்பார்கள். லேபர் கார்டு இல்லாத ஆள் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, அவர் வண்டி வந்தால் எங்களை ஒரு இரும்புக் கன்டெய்னருக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். ஜூலை மாச வெயிலில் இரும்புக் கன்டெய்னர். சுவரில் கை வைக்க முடியாது. பீகார்ப் பையன் ஒருவன் உள்ளேயே மயங்கி விழுந்தான், கதவைத் தட்டினால் வெளியில் யாரும் திறக்கவில்லை, வண்டி போன பிறகுதான் திறந்தார்கள். அவன் பிழைத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது, 40-க்கு மேல் இந்தியர்கள் செத்தார்கள், அதில் ஏழு பேர் தமிழ்நாடு. அன்று ராத்திரி எங்கள் கேம்ப்பில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து போன். நாங்கள் எங்கள் ரூமைப் பார்த்தோம், ஒரே கதவு, ஜன்னலில் ஏசி, கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்ட துணி. முறையான அனுமதியோடு போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ் கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான், விபத்தில் செத்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம். டூர் போகிறேன் என்று சொல்லிப் போனவன் வீட்டுக்கு அது கிடையாது. எங்கள் ரூமில் ஒருத்தருக்கும் அது இருக்கவில்லை.

நாம்தான் இப்படி ஏமாறுகிறோம் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கட்டில் வங்காளதேசத்து அண்ணன் வயலை விற்று என்னைவிட மூன்று மடங்கு கொடுத்துவிட்டு வந்தவர். எதிர்க்கட்டில் நேபாளி. அவர்கள் ஊரில் 2015-லேயே வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறவரின் விசாச் செலவும் டிக்கெட்டும் முதலாளி தலையில் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, இருந்தும் அவரிடமும் ஏஜெண்ட் வாங்கித்தான் அனுப்பியிருந்தார். சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை பார்க்கிற, வேலை தேடுகிற தொழிலாளர்கள் உலகத்தில் 16 கோடிக்கு மேல் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்குச் சொல்கிறது. வேலைக்குப் போகிறவனிடம் ஆளெடுக்கிற கூலியை வாங்கவே கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் கொள்கையும். வாங்கினால் என்ன ஆகும் என்று அந்த ரூமில் பார்த்தேன். ஊரில் கடன் ஓடுகிறது, அதனால் சம்பளம் வராவிட்டாலும் ஒருவரும் கிளம்ப முடியவில்லை.

விசா தேதி முடிந்தது, மாற்றவில்லை. நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏற ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் அமீரகத்தில் பொதுமன்னிப்பு தொடங்கியதால் அபராதம் இல்லாமல் வெளியேற முடிந்தது, இல்லாவிட்டால் என் நிலைமையை யோசிக்கவே முடியவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனி தரவில்லை. இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கிற அவுட்பாஸ் வாங்கித்தான் வந்தேன். அங்கே உதவி மையத்தில் இருந்தவர்கள் மரியாதையாக நடத்தினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வந்து ஏஜெண்டிடம் போனால் "நான் டூர் டிக்கெட்தான் போட்டுக் குடுத்தேன், வேலைக்குப் போனது உங்க இஷ்டம்" என்கிறார். ஸ்டேஷனில் ரசீதைப் பார்த்துவிட்டு இது பணம் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றார்கள். அம்மா திங்கள்கிழமை மனுநாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். 2017-ல் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித்தொழிலாளி குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்த வளாகம் அது. அம்மா அங்கே நின்று வட்டியைப் பற்றிப் பேசியதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அப்புறம் சென்னையில் இருக்கிற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதினேன். லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆளெடுப்பதே குற்றம் என்பதால் அந்த வழியாகப் போன புகாருக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது.

பணம் கட்டும் முன் நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. லைசென்ஸ் நம்பர் கேளுங்கள், இ-மைகிரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜெண்ட் பட்டியல் இருக்கிறது, அந்த நம்பரும் பேரும் முகவரியும் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சென்னை கம்பெனியின் சப்-ஏஜெண்ட் என்று சொன்னால் அந்தச் சென்னை கம்பெனிக்கு நீங்களே பேசுங்கள். லைசென்ஸ் உள்ளவரும் சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது, அதையும் பேங்க் வழியாகக் கட்டுங்கள், ரசீதில் என்ன வேலைக்கு என்று எழுதி வாங்குங்கள். அமீரக விசாவுக்குப் பாஸ்போர்ட் ஸ்கேன் காப்பி போதும், ஒரிஜினல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆளெடுக்கிறது, அங்கே விசாரித்துவிட்டு மற்றவர்களிடம் போங்கள். ஏர்போர்ட்டில் பொய் சொல்லச் சொல்கிற ஏஜெண்ட் உங்களை எங்கே அனுப்புகிறார் என்று உங்களிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர் யாராவது வீட்டில் இருந்தால், அமீரகத்திலிருந்து 800 46342 என்ற இலவச நம்பரில் இந்தியர் உதவி மையத்தைப் பிடிக்கலாம். வீட்டிலிருந்து நீங்களும் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் அவர் சார்பாகப் புகார் பதியலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், கேம்ப் இருக்கிற இடத்தின் லொக்கேஷன் இந்த மூன்றையும் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.

இந்த ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் தயவுசெய்து எனக்கு மெசேஜ் போடுங்கள், கொடுத்தது ஐயாயிரம் அட்வான்ஸாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே சிலர் சேர்ந்திருக்கிறோம். ஒருத்தர் போனால் டூர் தகராறு என்று திருப்பி அனுப்புகிறார்கள், அதே மாதிரி ரசீதோடு பத்துப் பேர் சேர்ந்து எஸ்.பி. ஆபீஸில் போய் நின்றால் அப்படிச் சொல்ல முடியாது. ரசீது இல்லாவிட்டால் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள், அதைக் கொண்டு வாருங்கள்.