எவ்ரிதிங்கோடு நாலு வருடம்: நட்சத்திரக்குறி கைகொடுத்ததும் காலை வாரியதும்

மட்டக்களப்பு நகரில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுத்துவேலை பார்க்கிறேன். உறுதி வரைவு, அற்றோணித் தத்துவம் (இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), ஸ்கேன் பண்ணிய நில அளவைப் படம் என்று கணினியில் பல வருடக் குவியல். விண்டோஸின் சொந்தத் தேடலோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், கோப்புத் தேடும் மென்பொருளான எவ்ரிதிங்கைப் போட்டு நாலு வருடமாகிறது. இலவசம். வட்டின் கோப்புப் பட்டியலையே நேராக வாசிப்பதால், தட்டத் தட்ட முடிவு வந்து நிற்கும்.

முதல் மாதம் என்னைக் கவிழ்த்தது நட்சத்திரக்குறிதான். களுவாஞ்சிகுடி என்ற ஊர்ப்பெயரை எங்கள் ஆட்களில் பாதிப்பேர் 'க்' போட்டு எழுதுவார்கள், மீதிப்பேர் போடமாட்டார்கள். சரி, அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தத்தானே நட்சத்திரம் என்று களுவாஞ்சி*குடி என அடித்தேன், ஒன்றுமே வரவில்லை. வாசலில் ஒரு அம்மா "இருக்குதா மனே?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறா. நட்சத்திரம் இல்லாமல் தேடினால் பெயரின் எந்த மூலையில் சொல் இருந்தாலும் அகப்படும், நட்சத்திரம் வந்துவிட்டால் முழுப் பெயரும் பொருந்த வேண்டும் என்று பிறகுதான் விளங்கியது. *களுவாஞ்சி*குடி* என்று இரண்டு முனையிலும் போட்டதும் அந்த அம்மாவின் வரைவு முதல் வரியிலேயே இருந்தது.

மற்றக் குறிகளில் தகராறு இல்லை. இடைவெளி விட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும், நெட்டுக்கோடு போட்டால் ஏதாவது ஒன்று போதும், ஆச்சரியக்குறி முன்னால் வந்தால் அது வேண்டாம் என்று அர்த்தம். வரைவு களுவாஞ்சி !பழைய என்று தேடுவது இப்போது கைப்பழக்கம்.

கோப்புக்குள்ளே தேடுவதுதான் பெரிய தலையிடி. 'கண்டென்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி போட்டுத் தேடலாம், ஆனால் உள்ளடக்கத்தை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைக்காமல் அந்த நேரத்தில்தான் ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கும் என்பதால், கோப்பு வகையையும் திகதியையும் கொடுத்து முதலில் சுருக்காவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அப்புறம் பாமினி. பழைய வரைவுகள் எல்லாம் அந்த எழுத்துருவில் அடித்தவை. திரையில் 'காணி' என்று தெரிந்தாலும் உள்ளே கிடப்பது எஃப், எச், இசட், பி என்ற ஆங்கில எழுத்துகள். இப்போதைய பொதுத் தமிழ்க் குறிமுறையான யுனிகோடில் காணி என்று தேடி ஒரு கோப்புகூட வராமல், யாரோ அழித்துவிட்டார்கள் என்று கூட வேலை செய்யும் தம்பியைச் சந்தேகப்பட்டதும் உண்டு. இப்போது தமிழ் விசைப்பலகையை அணைத்துவிட்டு அந்த நாலு விசையையும் தட்டுகிறேன், வருகிறது. பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. எவ்ரிதிங் வழமையாகப் பெரிது சிறிது பார்க்காது என்பதால் இரண்டும் கலந்து வரும். 'கேஸ்' முக்காற்புள்ளியை முன்னால் சேர்த்தால் பிரிந்துவிடும்.

ஸ்கேன் பண்ணிய உறுதிகள் வெறும் படம், அவற்றுக்குள் இதால் ஒன்றும் தேட ஏலாது. அதனால் ஸ்கேன் பண்ணும்போதே கிராமம், வருடம், உறுதி இலக்கம் மூன்றையும் கோப்புப் பெயரில் போடச் சொல்லித் தம்பியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.